ஆட்டின் மூச்சுக்குழாயும் நாலு மாதத் துடைப்பும்

மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன் என்றால் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குப்பியுமாக நிற்பவள் என்று ஊர் நினைக்கும். உண்மையில் அவள் பாதி சமையல்காரி, பாதி தையல்காரி, மீதி நேரத்தில் கறிக்கடை வாடிக்கையாளர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊருக்கு இன்னும் மெட்ராஸ் என்றே பெயர் இருந்தபோது, அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் இந்த வேலையில் இருந்தேன். அங்கே டாக்டர் நிர்மலா என்று ஒருவர் மேற்படிப்புக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தார். இழுப்பு வந்தால் நெஞ்சுக்குள் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்ளும். அதை மருந்து எப்படித் தளர்த்துகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. மனிதர்களின் குழாய் கிடைக்காது என்பதால் ஆட்டின் குழாய். அதை வாங்குவது, வெட்டுவது, கழுவுவது, நூல் கட்டித் தொங்கவிடுவது எல்லாம் என் பொறுப்பு. நீங்களும் எங்காவது ஓர் ஆய்வுக்கூடத்தில் பிப்பெட் கழுவிக் கை வெளுத்தவர் என்றால் இனிச் சொல்வதெல்லாம் உங்களுக்குப் புரியும். இல்லாவிட்டாலும் இரக்கப்படலாம்.

பாய் கடை

மயிலாப்பூரில் பூண்டுகூட நாள் பார்த்து வாங்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். முதல் நாள் மந்தைவெளியில் ஒரு கறிக்கடை வாசலில் பத்து நிமிஷம் சும்மாவே நின்றேன். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். கறி வாங்க வந்தவர்களையெல்லாம் அனுப்பிவிட்டு அவரே என்ன வேண்டும் என்று விசாரித்தார். தொண்டையிலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய் வேண்டும், அப்போதுதான் வெட்டியதாக இருக்க வேண்டும், நசுங்கக் கூடாது என்று ஒப்பித்தேன். யாரும் கேட்காமல் ஓரமாக ஒதுக்கிவைக்கும் உறுப்பு அது. அதற்கு இத்தனை நிபந்தனையா என்று அவருக்கு ஆச்சரியம்.

இழுப்புக்கு மருந்து கண்டுபிடிக்கும் வேலை என்று விளக்கினேன். குளிர்ந்த உப்புக் கரைசலில் போட்டுக் கொண்டுபோனால் ஆடு போன பிறகும் அந்தத் தசை பல மணி நேரம் உயிரோடு இருக்கும், சுருங்கும், விரியும் என்றும் சொன்னேன். பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். நான் நீட்டிய ஃபிளாஸ்கில் குழாயை இரண்டு விரலால் மெதுவாக இறக்கி மூடியைத் திருகிக் கொடுத்தார். பிறகு சொன்னார்:

“உயிரோட கீறப்ப இந்த ஆட்டுக்கு மூச்சு வாங்குதான்னு ஒருத்தரும் கேட்டதில்லம்மா. நீங்கதான் வந்து கேக்குறீங்க, அதுவும் போனப்புறம்.”

ஃபிளாஸ்க்

அந்த ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு மந்தைவெளியிலிருந்து அடையாறுக்குப் பஸ்ஸில் போவேன். பார்ப்பதற்கு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோகிறவள் மாதிரியே இருக்கும். ஒருநாள் பக்கத்து இருக்கையில் மடிசார் கட்டிய ஒரு மாமி. ஃபிளாஸ்கை நான் கட்டிப்பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கு உடம்பு என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை, உண்மையும் சொல்ல முடியாது. மூச்சுத் திணறல் கேஸ் என்று மட்டும் சொன்னேன்.

மாமிக்கு முகம் வாடிவிட்டது. சின்ன வயசா என்று கேட்டார். பாய் சொன்ன கணக்குப்படி ஒன்றரை வயசு இருக்கும். ஆமாம், ரொம்பச் சின்ன வயசு என்றேன். பஸ் அடையாற்றுப் பாலத்தில் ஏறியபோது மாமி இடுப்பில் செருகியிருந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்தார். என் நெற்றியில் இட்டார். அதோடு நிற்கவில்லை.

“ஃபிளாஸ்க் மேலயும் துளி இட்டுடறேன்டி கொழந்தே. உள்ள இருக்கறது யாருக்குப் போறதோ, அவாளுக்கு நன்னாகட்டும்.”

மாமியார்

வீட்டில் நான் ‘காலேஜ் ஆபீஸில்’ வேலை பார்ப்பதாகத்தான் மாமியார் நினைத்துக்கொண்டிருந்தார். என் கணவர் சேது வாய் தவறி உளறிவிட்டார். ஒரு வாரம் மாமியார் என்னிடம் பேசவில்லை. சண்டையும் போடவில்லை. நான் வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு உள்ளே வரும்வரை சமையலறை வாசலிலேயே நிற்பார். அந்த மௌனத்துக்குப் பயந்து வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

எட்டாம் நாள், தட்டுப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார், ஆட்டை நானா வெட்டுகிறேன் என்று. இல்லை, அது போன பிறகுதான் எடுக்கிறோம் என்றேன். அதனால் யாருக்காவது மூச்சு நேராகுமா என்று அடுத்த கேள்வி. ஆகும் என்றுதான் செய்கிறோம் என்றேன். கரண்டியை எடுத்து ரசம் ஊற்றினார்.

“சரி, நாளைலேர்ந்து சீக்கிரம் குளிச்சுட்டு வா. ரசம் ஆறிண்டே இருக்கு, தெனம் சுட வெக்க என்னால முடியாது.”

மை

எங்கள் கருவி மிகவும் பழையது. குழாயின் பின்பக்கத் தசையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, இரு முனையிலும் நூல் கட்டி, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிடுவோம். மேல் நூல் ஒரு நெம்புகோலில் முடியும். நெம்புகோலின் நுனி, புகைக்கரி பூசிய காகிதம் சுற்றிய டிரம்மில் உரசிக் கோடு இழுக்கும். தசை இறுகினால் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும். அந்தக் காகிதத்துக்குக் கரி பூசுவதும் என் வேலை. மண்ணெண்ணெய்ச் சுடரில் டிரம்மைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை தடவை முகம் கழுவினாலும் எங்காவது ஓரிடத்தில் கரி பாக்கி இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் தி. நகரில் சேதுவின் நண்பர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. பட்டுப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு போனேன். மண்டபத்தில் நாலைந்து பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சாப்பிட்டு முடித்து வெளியே வந்த பிறகுதான் சேது கைக்குட்டையை நீட்டினார்.

“கண்ணுக்கு மை இட்டுப்பா, பாத்திருக்கேன். மூக்குக்குள்ள இட்டுக்கற ஒரே ஆத்துக்காரி நீதான்.”

இறங்காத கோடு

சிரித்தது போதும். சோதனை தொடங்கிய முதல் நாலு மாதமும் ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நிர்மலா மேடம் செய்ய வேண்டியது எளிமையானதுதான். ஒரு மருந்தால் தசையை இறுக்கி, இன்னொரு மருந்தால் தளர்த்த வேண்டும். இறுக்கும் மருந்து போட்டால் கோடு ஜோராக ஏறியது. தளர்த்தும் மருந்து போட்டால் அரைகுறையாக இறங்கி, பாதியில் நின்றது. சில நாள் கொஞ்சம் அதிகம் இறங்கும். ஏன் என்று தெரியாது. மேடம் மருந்துக் குப்பியை மாற்றினார். தண்ணீரை இரண்டு முறை காய்ச்சி வடித்துப் பார்த்தார். வெந்நீர்த் தொட்டிக்குப் புதுத் தெர்மாமீட்டர் வந்தது. பாயிடம் இளம் ஆடாகக் கேட்டு வாங்கினோம். கோடு இறங்கவில்லை.

துறைத் தலைவர் பொறுமை இழந்துகொண்டிருந்தார். பருவம் முடிவதற்குள் ஒழுங்கான முடிவு வராவிட்டால் தலைப்பையே மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டார். மாற்றினால் இன்னொரு வருஷம் ஆகும். மேடத்தின் இரண்டு வயசுப் பெண் குழந்தை திருச்சியில் பாட்டியிடம் இருந்தது. நங்கநல்லூரில் ஒற்றை அறையில் தங்கிக்கொண்டு, மாதத்துக்கு ஒரு தடவைதான் போய்ப் பார்த்து வருவார். ஒரு திங்கட்கிழமை ஊரிலிருந்து நேராக ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் டிரம் முன்னால் உட்கார்ந்தார். அன்றும் கோடு பாதியில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“இந்தத் தடவை போனப்போ எம்பொண்ணு என்னை ‘ஆன்ட்டி’ன்னு கூப்பிட்டா, ஜெயந்தி.”

துணி

என் பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. இரண்டு வாரம் விடுப்பு எடுத்தேன். அந்த நாட்களில் மேடமே பாய் கடைக்குப் போய் வந்து, அவரே வெட்டிக் கட்டினார். அவருக்கு வெட்டும் கை கிடையாது. துண்டுகள் கோணல் மாணலாக இருந்தன. ஆனால் நான் திரும்பி வந்தபோது சுவரில் புது வரைபடங்கள் ஒட்டியிருந்தன. எல்லாவற்றிலும் கோடு வழுக்கிக்கொண்டு அடிவரை இறங்கியிருந்தது. மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்டம் தாண்டிவிட்டோம் என்றார்.

அன்று நான் வழக்கம்போல வெட்டினேன். வழக்கம்போலக் கோடு பாதியில் நின்றது.

நான் கழுவுதொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நான் குழாயைத் துடைத்த துணி கிடந்தது. குழாய்க்குள் சளி மாதிரி வழவழப்பாக இருக்கும். எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர், சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓய்வு பெற்றார். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, குச்சியில் துணி சுற்றி, பால் பாத்திரம் தேய்ப்பது போல உள்ளே இரண்டு சுற்றுத் தேய்ப்பேன். அவசரமான நாட்களில் ஒரு சுற்று. துணியைப் பிரித்தேன். மெல்லிய, இளஞ்சிவப்பான ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மேடத்துக்கு வெட்டத் தெரியாது. துடைக்கப் பயந்திருப்பார். குழாயின் உள்தோலை நான்தான் தினமும் தேய்த்து உரித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் கோடு இறங்கவில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. மறுநாளிலிருந்து துடைப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். கோடு அழகாக இறங்கியது. மேடம் பாடிக்கொண்டே வேலை பார்த்தார். யாருக்கும் தெரியப் போவதில்லை, வேலையும் நடக்கிறது. மூன்று நாள் அப்படியே ஓட்டினேன். அந்த மூன்று நாளும் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. நாலு மாதம், நாலு தடவை ஊருக்குப் போன தாய், ‘ஆன்ட்டி’ என்ற குழந்தை, எல்லாம் என் துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது போலத் தோன்றியது.

நாலாம் நாள் துணியும் குச்சியுமாக மேடம் மேஜைக்கு முன்னால் போய் நின்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து வந்தபோது கண் சிவந்திருந்தது. பழைய வரைபடச் சுருள்களை அலமாரியிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாகத் தரையில் விரித்தார். நான் அழுதுகொண்டே விரிக்க உதவினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார்:

“இன்னிக்கு ரெண்டு துண்டு வெட்டுங்க. ஒண்ணைத் தொடாதீங்க. இன்னொண்ணை நாலு மாசமா எப்படித் துடைச்சீங்களோ, அப்படியே துடைங்க.”

தப்பித்தவர்கள்

அன்றிலிருந்து இரண்டு தொட்டி, இரண்டு துண்டு, இரண்டு கோடு. ஒரே ஆடு, ஒரே மருந்து, ஒரே அளவு. உள்தோல் உள்ள துண்டு சொன்ன பேச்சுக் கேட்டுத் தளர்ந்தது. உள்தோல் உரிந்த துண்டு அதிகமாக இறுகி, தளர மறுத்தது. உள்தோல் வெறும் பூச்சு இல்லை, தனக்குக் கீழே உள்ள தசைக்கு ‘போதும், விடு’ என்று அதுவும் ஏதோ ஒரு சேதி அனுப்புகிறது என்றார் மேடம். வெளிநாடுகளில் சிலர் இதை முன்பே கவனித்திருக்கிறார்களாம். அந்தச் சேதி எந்தப் பொருள் வழியாகப் போகிறது என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

ஒருநாள் உள்தோலைக் கொஞ்சம் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் என்னைப் பார்க்கச் சொன்னார். தோலின் ஓரம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்கள். அத்தனையும் ஒரே பக்கமாக அலை அலையாகச் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தன. ஆடு காலையிலேயே போய்விட்டது. இவை இன்னும் தூசியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. நாலு மாதமாக நான் தேய்த்துக் கழுவுதொட்டியில் விட்டது இவற்றைத்தான். கண்ணை எடுக்க முடியவில்லை. மேடம் பின்னால் நின்று என் தோளில் கை வைத்தார்.

“இவங்கள்லாம் உங்க துணிக்குத் தப்பிச்சவங்க, ஜெயந்தி.”

வாய்மொழித் தேர்வு

ஆய்வேட்டைச் சோதிக்க வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கெடுபிடியானவர் என்று சொன்னார்கள். நான் கடைசி வரிசையில் ஒளிந்து உட்கார்ந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே என் துடைப்பைப் பற்றித்தான். தேய்த்தபோது உள்தோலோடு தசையும் கெட்டுப்போகவில்லை என்று எப்படித் தெரியும்? மேடம் வரைபடத்தைக் காட்டினார். தசை கெட்டிருந்தால் இறுகவும் முடியாது. இது முன்னைவிட நன்றாகவே இறுகியது. நுண்ணோக்கிப் படங்களிலும் தசை முழுசாக இருந்தது. சரி, ஒவ்வொரு தடவையும் ஒரே அழுத்தத்தில் தேய்த்தீர்கள் என்பதற்கு என்ன கருவி என்றார் தேர்வாளர்.

மேடம் திரும்பி என்னைக் கைகாட்டினார். கருவி இல்லை, ஜெயந்தியின் கைதான் என்றார். அது முதலில் தெரியாமல் நடந்த தவறு என்பதையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு மேஜைக்குக் கீழே போய்விடலாம் போல இருந்தது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்படின்னா கருவிகள் பட்டியல்ல அந்தம்மா பேரு விட்டுப்போயிருக்கு. சேர்த்துட்டு பைண்ட் பண்ணுங்க.”

அந்தோணியம்மா

எங்கள் துறையைப் பெருக்கித் துடைக்கும் அந்தோணியம்மாவுக்கு ஊர் பட்டினப்பாக்கம் கடற்கரை. புருஷன் கடலுக்குப் போகிறவர். அந்தம்மாவுக்கு வருஷக்கணக்கில் இழுப்பு. வேலை போய்விடும் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல், மூச்சு வாங்கும்போது மாடிப்படியில் உட்கார்ந்து, துடைப்பதுபோல நடித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மத்தியானம் நடிக்கவும் முடியாமல் படியிலேயே சாய்ந்துவிட்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மேடமும் நானும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். வாயில் வைத்து உறிஞ்சும் மருந்துப் பம்பு இரண்டு கொடுத்து அனுப்பினார்கள். ஒன்று மூச்சு முட்டும்போது மட்டும். இன்னொன்று உள்ளே வீக்கத்தைக் குறைக்க, நன்றாக இருந்தாலும் தினமும்.

இரண்டு வாரத்தில் அந்தம்மா தினசரிப் பம்பை நிறுத்திவிட்டார். நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு என்றார். பழகிவிடும் என்று குப்பத்தில் பயமுறுத்தியிருந்தார்கள். மேடம் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் நான் ஒருநாள் துடைப்பத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு டிரம் முன்னாலும் அவரை உட்கார வைத்தேன். ஒரே மருந்தை இரண்டு தொட்டியிலும் விட்டேன். ஒரு கோடு சரசரவென்று இறங்கியது. மற்றது மேலேயே தொங்கியது. இதற்கு உள்தோல் இருக்கிறது, அதற்கு நான் உரித்துவிட்டேன், உங்கள் நெஞ்சுக்குள் உள்தோல் புண்ணாகிக் கிடக்கிறது, தினசரி மருந்து அதை ஆற்றத்தான் என்று எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். தொங்கிய கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

“நான் நல்லா கீறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். உள்ள அது நல்லா இல்லன்னு எனக்கு ஆரு சொன்னா?”

மாதா கோயில்

அதற்குப் பிறகு அந்தோணியம்மா பம்பை விடவில்லை. மாடிப்படியில் உட்காருவது குறைந்தது, பிறகு நின்றே போனது. ஆகஸ்ட் கடைசியில் பெசன்ட் நகர் மாதா கோயிலில் கொடியேற்றம். பட்டினப்பாக்கத்துச் சனங்கள் கூட்டமாக நடந்தே போவார்கள். அந்தம்மா ஆறு வருஷமாகப் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தார். அந்த வருஷம் நடந்தார். அடையாற்றுப் பாலத்தில் ஒரு தடவைகூட உட்காரவில்லையாம். பேரப்பிள்ளையைக் கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டும் நடந்தாராம்.

மறுநாள் பெருக்க வந்தவர் எனக்கும் மேடத்துக்கும் கோயிலிலிருந்து ஆளுக்கொரு சின்ன மெழுகுவத்தி கொண்டுவந்தார். எங்கள் பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். பெருக்கி முடித்து, வாளியை எடுத்துக்கொண்டு கதவுவரை போனவர், ஏதோ விட்டுப்போன மாதிரி திரும்பிவந்து தொட்டியில் தொங்கிய துண்டைப் பார்த்தார்.

“இந்த ஆட்டுக்கும் ஒண்ணு ஏத்திட்டுத்தான் வந்தேன், ஜெயந்திம்மா.”

இத்தனை வருஷ வேலையையும் முடித்துவிட்டு ஓய்வூதிய விண்ணப்பம் நிரப்பியபோது, ‘பணியின் தன்மை’ என்ற சின்னக் கட்டத்துக்குள் இதில் ஒன்றுமே அடங்காததால், ‘இதர’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.